தாழ்ந்த சுருதியும் ஏழடி இறக்கையும்

போன மாதம் கொல்லைக் கொட்டகையில் ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் இருந்த இறக்கைப் பெட்டியை எடுக்கப் போனேன். ஸ்டூலும் நானும் சேர்ந்தே கீழே வந்தோம். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடது மணிக்கட்டில் வீக்கம், இடுப்பில் ஒரு நீலத் தடம், அவ்வளவுதான். நான் எழுந்து உட்காருவதற்குள் செய்தி சென்னைக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரி போனில் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரியே மகன் பேசினான்.

“அப்பா, உங்களுக்கு எழுபத்து நாலு ஆவுது. இன்னும் ப்ளேன் கட்டுறேன், பேஸ் கிடார் வாசிக்கிறேன்னுட்டு... அதையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு அம்மாவ அழைச்சுக்கிட்டு இங்க வந்துருங்க. ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து டி.வி. பாருங்க.”

“ப்ளேனையும் கொண்டு வரட்டுமாடா?”

“ஏழாவது மாடிப்பா. லிஃப்டுல ஏறாது.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. இறக்கை ஏழடிக்கு மேல். இரண்டாகக் கழற்றினாலும் உடல் பகுதி நாலரை அடி இருக்கும். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று எழுதுகிறேன். இது என் வீட்டு வழக்கு மட்டும் இல்லை. நம் வயதுக்காரர்கள் வீட்டில் எல்லாம் ஏதோ ஒரு ரூபத்தில் நடப்பதுதான். ஒருவருக்குத் தறி, ஒருவருக்குத் தோட்டம், ஒருவருக்கு ரேடியோ ரிப்பேர். எனக்கு விமானமும் பேஸ் கிடாரும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் பணி ஓய்வுக்கு ‘ரெத்ரேத்’ என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள் வாங்கும் பென்ஷனுக்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. தோற்ற படை பின்வாங்குவதும் ‘ரெத்ரேத்’தான். 1812-ல் மாஸ்கோவிலிருந்து நெப்போலியன் பின்வாங்கிய பாடம் வந்தபோது, நெப்போலியனும் பென்ஷன் வாங்கப் போகிறாரா என்று கேட்டு வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான். இப்போது யோசித்தால் நான் கேட்டது அவ்வளவு அசட்டுக் கேள்வி இல்லை. பிள்ளைகள் நம்மை ஓய்வு எடுக்கச் சொல்கிறார்கள். அது பல சமயம் பின்வாங்கச் சொல்வதாகத்தான் முடிகிறது.

முதலில் காது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் தஞ்சாவூரில் காது பரிசோதனை செய்துகொண்டேன். சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் இடப்பக்கம் தாழ்ந்த சுருதி, வலப்பக்கம் உச்ச சுருதி. என் கோடு இடப்பக்கம் சமதளமாக ஓடி, வலப்பக்கம் வெண்ணாற்றுக் கரை மாதிரி சரிந்து இறங்கியிருந்தது.

பரிசோதித்த பெண் பொறுமையாக விளக்கினார். உள்காது நத்தைக்கூடு மாதிரி சுருண்டது. அதன் வாசல் பக்கத்தில் உச்ச சுருதியைக் கேட்கும் நுண்மயிர் அணுக்கள், உள் மூலையில் தாழ்ந்த சுருதியைக் கேட்பவை. வயதாகும்போது வாசல் பக்கம்தான் முதலில் தேயும். அதனால் கிழவர்களுக்கு ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் ஓசை உச்சத்தில் இருப்பதால் அவை நழுவிவிடும். பேத்தி ‘பட்டம்’ என்றாளா, ‘சட்டம்’ என்றாளா என்று தெரியாமல் நான் விழிப்பது இதனால்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வயலினின் மேல் ஸ்தாயி எனக்கு மங்கிவிட்டது. வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்பதில்லை. ஆனால் பேஸ் கிடார் அப்படியே இருக்கிறது. நாலு தந்தியில் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காது பாதி வாங்கினால் மீதியை நெஞ்சும் நாற்காலியும் வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வரும்போது, முழுசாக என்னிடம் மிச்சம் இருக்கும் சங்கீதம் அதுதான். அதை யாருக்காவது கொடுத்துவிடு என்றால் எப்படி?

அந்தக் கிடார் எனக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். எழுபதுகளில் காரைக்காலில் என் சிநேகிதன் ஒருவன் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தான். மேடையில் பாடகருக்கு முதல் இடம், கிடாருக்குப் பக்கத்து இடம், இவன் டிரம்ஸுக்கு அருகில் நிழலில் நிற்பான். கல்யாண வீட்டில் யாரும் அவனைப் பார்த்ததில்லை. ஒரு நாள் கச்சேரி நடுவில் அவன் ஆம்ப்ளிஃபயர் அவிந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. பாடகர் பாடினார், டிரம்ஸ் அடித்தது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னமோ குறைகிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லாத முகம். அன்றைக்குத்தான் பேஸ் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

அவன் போய் எட்டு வருஷம் ஆகிறது. துக்கம் விசாரிக்கப் போனபோது அவன் மனைவி அந்தக் கிடாரை உறையோடு எடுத்து வந்து, “அண்ணே, இத என்ன பண்றதுன்னு தெரியல. பழைய சாமான்காரன் முந்நூறு ரூவாய்க்குக் கேக்குறான். நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். அப்போது எனக்கு அறுபத்தாறு. அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இன்றும் நான் வாசிப்பது சுமார்தான்.

பேஸ் கிடாரைப் பற்றி நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அதற்கும் சாதாரண கிடாருக்கும் என்ன வித்தியாசம் என்பது. சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி, பேஸுக்கு நாலு. தந்தி தடிமன், நீளம் அதிகம். தந்தி அதிரும் நீளம் கிடாரில் இருபத்தைந்தரை அங்குலம் என்றால் பேஸில் முப்பத்து நாலு. சுருதி ஒரு ஸ்தாயி கீழே. முன்பெல்லாம் இந்த வேலையை ஆள் உயரம் இருக்கும் டபுள் பேஸ் செய்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் அதைக் கிடார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளும்படி செய்து விற்க ஆரம்பித்தார். கழுத்தில் கட்டை பதித்ததால் சுரம் துல்லியமாக விழும் என்று ‘பிரசிஷன்’ என்றே அதற்குப் பேர் வைத்தார். அவர் எங்கள் இனத்தவர் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அரசாங்க நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், வேலை போனபின் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது.

நம் பக்கத்தில் இதைக் காதுக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் இளையராஜா. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது டீக்கடை ரேடியோவில் பேஸ் எங்கே கேட்டது? பிறகு டேப் ரிக்கார்டர் வந்து, பெரிய ஸ்பீக்கர் வந்ததும்தான் அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. ‘மூடுபனி’ (1980) படத்தில் யேசுதாஸ் குரலில் கிடாரோடு வரும் பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, அவர் குரலை விட்டுவிட்டு அடியில் நடப்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அது தாளம் போட்டுக்கொண்டு சும்மா நிற்கவில்லை. தனியாக ஒரு வழியில் நடந்து போய், சரியான இடத்தில் குரலோடு வந்து சேரும். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனையும், ரஹ்மான் பாட்டுகளுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு எல்லாருக்கும் தெரியும்.

நீடாமங்கலத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர் இது. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஆனாலும் தவில் கேட்டு வளர்ந்த காது இந்த ஊர்க் காது. தவிலில் வலந்தலை விரல் கூடு மாட்டி வாசிப்பது, படபடவென்று எல்லார் கண்ணிலும் படும். தொப்பிப் பக்கம் குச்சியால் அடிப்பது, கும் என்று தாழ்ந்து வரும். வலந்தலை ஆயிரம் பேசினாலும் தொப்பி நின்றுவிட்டால் தவில் இல்லை. என் மாமனார் சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால் சாமி புறப்பாட்டில் தவில் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, “தொப்பி பேசுது பாரு” என்பார். பேஸ் கிடார் ரசிகனுக்கு வேண்டிய பாடம் அவ்வளவுதான்.

இனி விமானம். ‘பொம்மை விமானம்’ என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் இறக்கை எண்பது அங்குலத்தைத் தாண்டினால் அதை ராட்சத அளவு என்று தனி வகையாக வைத்திருக்கிறார்கள் அமெரிக்காவில் உள்ள இந்தப் பைத்தியங்கள். இரட்டை இறக்கை என்றால் அறுபது அங்குலம். என்னுடையது எண்பத்தாறு.

அது ‘புஷ்பக்’. 1958-ல் பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் முதன்முதலில் பறக்கவிட்ட இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். நாட்டில் பல ஃபிளையிங் கிளப்புகளில் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இறக்கை மேலே, துணி போர்த்திய உடல், முன்னால் ஒரே எஞ்சின். சந்தான ராமசாமி கோயில் கொண்ட ஊரில் இருந்துகொண்டு வேறு எந்த விமானத்தை நான் கட்டுவது?

அசலின் இறக்கை முப்பத்தாறு அடி. நான் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. நீளம் ஐந்தில் ஒன்று என்றால் இறக்கையின் பரப்பு இருபத்தைந்தில் ஒன்று, உருவத்தின் கொள்ளளவு நூற்றிருபத்தைந்தில் ஒன்று. அசல் விமானம் ஆட்களோடும் பெட்ரோலோடும் அறுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கணக்குப்படி என்னுடையது ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஏழு கிலோ வந்துவிட்டது. பசையைத் தாராளமாகப் பூசியதுதான் காரணம். சர்க்கார் ஆபீசில் கோந்து பூசிய கை.

ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்பார்கள். வயதானவனுக்குப் பெரிசுதான் தோது. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறேன். சின்ன விமானம் நூறு மீட்டர் போனால் எனக்குக் காக்கையும் அதுவும் ஒன்று. அது என்னைப் பார்த்து வருகிறதா, விட்டுப் போகிறதா என்று தெரியாது. அது தெரியாவிட்டால் வலது பக்கம் திருப்ப நினைத்து இடது பக்கம் திருப்பிவிடுவோம். பெரிய விமானம் தூரத்திலும் தன் சாய்வைக் காட்டும். காற்றிலும் அப்படித்தான். சின்னது சருகு மாதிரி தத்தளிக்கும், பெரியது கனத்தால் நிதானமாகப் போகும். அதன் திருகாணிகளும் பெரிசு. நடுங்கும் விரலுக்கு அது பெரிய உபகாரம்.

உள்ளே முழுக்க பால்சா மரம். தென் அமெரிக்க மரம், தக்கை மாதிரி லேசு, பிளேடால் வெட்டலாம். தபாலில் வரவழைக்கிறேன். இறக்கையில் முப்பது விலா, அவற்றைக் கோக்கும் முதுகெலும்புச் சட்டம் இரண்டு. வெளியே போர்த்துவதற்குச் சூட்டில் சுருங்கும் மெல்லிய ஃபிலிம் ஒன்று உண்டு, அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் முரசுத் தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். அதற்காக வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பட்ட திட்டு தனிக் கதை. உள்ளே உட்கார இரண்டு பொம்மையை நெட்டியில் செதுக்கினேன். நம் குளங்களில் விளையும் நெட்டிதான். தஞ்சாவூரில் அதைக்கொண்டு பெரிய கோயிலையே மாதிரியாகச் செய்கிறார்கள். பால்சாவுக்கு நம் ஊர்த் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும் இடத்தில் பாட்டியைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். அப்படியே ஆயிற்று. பக்கத்து ஸீட்டில் நான்.

ஃபிலிம் ஒட்டி முடித்ததும் அந்த முப்பது விலாவும் மறைந்துவிட்டன. இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி உப்புத்தாள் போட்டு இழைத்தது. பார்க்க வருகிறவர்கள் வர்ணத்தைப் பார்த்து, “ஜோரா இருக்கு சார்” என்பார்கள். எனக்கு வருத்தம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் எழுத்தராக இருந்தவனுக்கு இது பழக்கம்தான். கோப்பில் குறிப்பு எழுதுவது நாம், கையெழுத்து மேலே இருப்பவருடையது. பேஸ் கிடாரும் இறக்கையின் விலாவும் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தன என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான். வெளியே தெரியாமல் தாங்கிக்கொண்டிருப்பவை மேல் எனக்கு ஒரு சொந்தம் உண்டு.

“இதனால என்ன பிரயோஜனம்?” என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் பள்ளியில் ‘லெசோன் த் ஷோஸ்’ என்று ஒரு வகுப்பு இருந்தது. பொருள்களைக் கையில் வைத்துப் படிக்கும் பாடம். வாத்தியார் ஒரு காந்தம், ஒரு மெழுகுவத்தி, ஒரு ஆமணக்கு விதை என்று ஏதாவது கொண்டுவருவார். தொட்டு, முகர்ந்து, பிரித்துப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பெயரை அங்கேதான் கேட்டேன். 1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரத்து துய்லெரி தோட்டத்தில், ரப்பரை முறுக்கி ஓடும் சின்ன மாதிரி விமானம் ஒன்றை அவர் பறக்கவிட்டார். பதினோரு விநாடி, நாற்பது மீட்டர். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று. பெரிய விமானம் கட்ட வரைபடமும் போட்டு வைத்திருந்தார். பணம் கொடுக்க ஆள் இல்லை. மனம் உடைந்து முப்பது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1878-ல், அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் பிள்ளைகளுக்குப் பெனோ முறையில் செய்த ரப்பர் முறுக்குப் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளின் பெயர் வில்பர், ஆர்வில். குடும்பப் பெயர் ரைட். மீதிக் கதை உலகத்துக்குத் தெரியும். பெனோவிடம் யாராவது பிரயோஜனம் என்ன என்று கேட்டிருந்தால் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்?

நம் ஊர் உதாரணமும் உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் வைத்திருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், 1910-ல் வண்டி கட்டும் சிம்ப்சன் பட்டறையில் தனக்கென்று ஒரு விமானம் கட்டவைத்துப் பறந்தார். ஹோட்டல்காரருக்கு எதற்கு விமானம்? நம் காலத்தில் நடிகர் அஜித் குமாருக்கு ரேடியோ விமானம் பொழுதுபோக்கு. அந்தப் பழக்கம் அவரைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு ஆலோசகராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018-ல் அந்தக் குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. இன்று நம் வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனைப் பார்த்து யாரும் பொம்மை என்று சொல்வதில்லை.

ஆனால் நான் பிரயோஜனத்தைக் காட்டி வாதாட விரும்பவில்லை. நான் ரைட் சகோதரர்களை உண்டாக்கப் போவதில்லை. என் வாதம் சின்னது. காலையில் எழுந்ததும் கைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. நேற்று ஒட்டியது காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போக வேண்டும். நம் வயதில் அந்த ‘போக வேண்டும்’ என்பது ஒரு மருந்து.

மகன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இது ஆபத்தில்லாத விளையாட்டு இல்லை. எஞ்சின் இருபது சி.சி. பெட்ரோல். டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பாதிக்குக் குறைவு என்று சிரிக்க வேண்டாம். புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றும், விரலை வெட்டிவிடும். ஏழு கிலோ ஆகாயத்திலிருந்து ஆள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் சித்திரையில் வால் பக்கம் கனம் கூடியதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். மூக்குக் கனத்தால் விமானம் சிரமப்பட்டுப் பறக்கும், வால் கனத்தால் பறக்கவே பறக்காது. மேலே போன வேகத்தில் மல்லாந்து, அடுத்த வயல் வரப்பில் குத்தியது. அந்த நேரம் அங்கே ஆள் இல்லை. இருந்திருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அதை மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

அதற்குப் பிறகு சில விதிகள் வைத்துக்கொண்டேன். சர்க்கார் விதி முதலில். 2021 ட்ரோன் விதிகளில் இருபத்தைந்து கிலோ வரை உள்ள மாதிரி விமானத்தைப் படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறக்கவிட இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே விடலாம், எங்கே கூடாது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு வரைபடம் இருக்கிறது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. அடுத்தது ஊர் விதி. சம்பா அறுவடைக்கு முன்பே தாளடியில் உளுந்து தெளித்துவிடுவார்கள். அதனால் தை, மாசியில் வயலில் கால் வைக்க முடியாது. உளுந்து பிடுங்கிய பிறகு மேட்டூர்த் தண்ணீர் வரும்வரைதான் நமக்குக் காலம். அதுவும் வயல்காரரிடம் கேட்டு, காலை ஆறரைக்குள், சுற்று வட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது மட்டும். கடைசி விதி எனக்கே நான் போட்டது. தனியாகப் போவதில்லை. பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் வருவான். ஏற்றி இறக்குவது அவன் கை. நடுவில் இரண்டு சுற்று மட்டும் நான்.

இந்தத் தடவை விழுந்த பிறகு இன்னொரு விதி. ஸ்டூல் கூடாது. இறக்கைப் பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

பிள்ளைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். எங்களைப் பற்றிப் பயப்படுங்கள், அது பாசம். ஆனால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வதற்கு முன்னால், எதை எப்படி மாற்றினால் தொடர முடியும் என்று ஒரு தடவை கேளுங்கள். ஸ்டூலை எடுத்துவிடுங்கள், விமானத்தை எடுத்துவிடாதீர்கள். எங்களுக்கு எது எது போய்விட்டது என்பதை நீங்கள் டாக்டர் சீட்டிலிருந்து தெரிந்துகொள்கிறீர்கள். எது மிச்சம் இருக்கிறது என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. அதை எங்களிடம்தான் கேட்க வேண்டும்.

என் வயதுக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் பிள்ளைகள் சொல்வதற்கு முன்பே பின்வாங்கிவிடுகிறோம். “இனிமே நமக்கு எதுக்கு” என்பது நம் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது. கண் மங்கினால் பெரிசாகச் செய்யுங்கள். காது போனால் கீழே இறங்கிக் கேளுங்கள். விரல் நடுங்கினால் பக்கத்துவீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அவன் கையால் செய்யுங்கள். எங்கள் வாத்தியாரின் அந்தப் பொருள் பாடம் இப்போது பள்ளிகளில் குறைந்துவிட்டது. என் பேத்தி திரையில் எல்லாம் பார்த்திருக்கிறாள். ஆனால் பால்சா கட்டை ஒன்றை அவள் கையில் வைத்தபோது, “தாத்தா, இது மரமா? வெயிட்டே இல்லயே!” என்று திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தாள். பதினோரு வயதுப் பெண் அன்று மத்தியானம் ஆறு விலா வெட்டினாள். அதில் நாலு இன்றும் இறக்கைக்குள் இருக்கின்றன. எவை என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

இந்த வைகாசியில் ஒரு நாள் காலை. காற்று இல்லை. பையன் ஏற்றினான், விமானம் தெற்கே போய்த் திரும்பியது. என் வீட்டுக்காரி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கண்ணில் அடித்ததால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் எனக்குச் சுத்தமாகக் கேட்டது. அது தாழ்ந்த சத்தம். விமானம் நம்மை நோக்கி வரும்போது சுருதி கொஞ்சம் ஏறும், தாண்டிப் போகும்போது இறங்கும். ஒரு தடவை சத்தத்தில் பிசிறு தட்டியது. “தம்பி, எஞ்சின் திக்குது, இறக்கிடு” என்றேன். அவனுக்கு அது தெரியவில்லை. இறக்கிப் பார்த்தால் பெட்ரோல் டியூபில் காற்றுக் குமிழி. கிழட்டுக் காது ஒரு விமானத்தைக் காப்பாற்றியது என்று அவன் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறான்.

மகனுக்கு என் பதில் இதுதான். இப்போது ஆனி. மூணாறு தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டது, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றிலும் ஓடுகிறது. வயலெல்லாம் நாற்றங்கால். இனி பங்குனி வரை விமானத்துக்கு வேலை இல்லை, துணி போர்த்திக் கட்டிலடியில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஓட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருப்பது உனக்குக் கவலையாக இருக்கும், எங்களுக்கும் சிரமம்தான். ஆகவே ஐப்பசி பிறந்ததும் சென்னைக்கு வருகிறோம். தை பிறந்ததும் திரும்பிவிடுவோம். வரும்போது கையில் கிடார் இருக்கும். அது லிஃப்டில் ஏறும், அளந்து பார்த்துவிட்டேன்.

ஆனால் தாழ்ந்த சத்தம் சுவரையும் தரையையும் தாண்டிப் போகும். ஆறாவது மாடிக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வை.